எல்லாரிடமும் அதே இரும்புப் பெட்டிதான், அப்புறம் சில கப்பல் கம்பெனிகள் மட்டும் எப்படி முந்துகின்றன?

கேள்வி இதுதான்: மேர்ஸ்க், எம்எஸ்சி, சிஎம்ஏ சிஜிஎம், ஹபாக் லாய்ட், எவர்கிரீன் என்று யாரிடம் போனாலும் அதே 20 அடி, 40 அடி பெட்டி, கொரியாவிலோ சீனாவிலோ கட்டிய அதே மாதிரிக் கப்பல், அதே துறைமுகங்கள். அப்படியிருக்க ஒரு கன்டெய்னர் கம்பெனி இன்னொன்றை முந்துவது எதனால்?

பெரிய கப்பல், நல்ல சர்வீஸ், டெக்னாலஜி என்று மூன்று வார்த்தையில் பதில் சொல்லிவிடுகிறார்கள். லைன்களிடம், அதாவது கப்பல் கம்பெனிகளிடம், ரேட் வாங்கி ஏற்றுமதியாளர்களுக்குக் கொடுக்கும் ஃபார்வர்டிங் தொழிலில் இருப்பவன் நான். என் கணிப்பு வேறு. இந்தத் தொழிலில் விலையைச் சந்தைதான் வைக்கிறது, எந்தக் கம்பெனியாலும் தனியாக வைக்க முடியாது. கம்பெனியின் கையில் இருப்பது ஒரு பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆகும் செலவு மட்டும்தான். எண்ணெய் விலை எல்லாருக்கும் ஒன்று, கால்வாய்க் கட்டணம் ஒன்று, கிரேன் கூலியும் ஏறக்குறைய ஒன்று. கம்பெனிக்குக் கம்பெனி பெரிதாக வேறுபடுவது, கப்பலை எந்த வருஷம், என்ன விலைக்கு வாங்கினார்கள் அல்லது வாடகைக்கு எடுத்தார்கள் என்பதில். அடுத்தபடியாக, அந்தக் கப்பல் போகும்போதும் வரும்போதும் எவ்வளவு நிறைகிறது என்பதில். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

முதலில் விலை ஏன் அவர்கள் கையில் இல்லை என்று பார்ப்போம். லைனர் கப்பல் ரூட் பஸ் மாதிரி, கிளம்ப வேண்டிய நாளில் பாதி காலியாக இருந்தாலும் கிளம்பியாக வேண்டும். கடன் வட்டி, மாலுமி சம்பளம், எண்ணெய், சூயஸ் கட்டணம் எல்லாம் பெட்டி ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஆகிற செலவு. காலியாகக் கிடக்கும் ஒரு ஸ்லாட்டில் (பெட்டி வைக்கும் இடத்தில்) கூடுதலாக ஒரு பெட்டியை ஏற்ற ஆவது ஏற்றி இறக்கும் கூலியும் கொஞ்சம் எண்ணெயும்தான். ஆகவே சரக்கு குறைந்த வாரத்தில் அந்தக் கூலிக்கு மேல் எது கிடைத்தாலும் ஏற்றுவோம் என்று ஒரு கம்பெனியின் சேல்ஸ்காரர் நினைப்பதில் தப்பே இல்லை. ஆனால் பத்துக் கம்பெனியின் சேல்ஸ்காரர்களும் அதே வாரத்தில் அதையே செய்வார்கள், ரேட் தரைக்கு வந்துவிடும். 2016 மார்ச்சில் ஷாங்காயிலிருந்து வட ஐரோப்பாவுக்கு ஒரு 20 அடிப் பெட்டியின் ஸ்பாட் ரேட் (ஒப்பந்தமில்லாத அன்றைய சந்தை விலை) 200 டாலரை ஒட்டி விழுந்தது. அதே பாதையில் 2022 ஜனவரியில் 7,700 டாலரைத் தாண்டியது. சர்வீஸ் நன்றாக இருந்ததால் கிடைத்த விலையா அது? ரேட் உச்சத்தில் இருந்த அந்த மாதத்தில், உலகக் கன்டெய்னர் கப்பல்களில் சொன்ன நாளுக்கு வந்து சேர்ந்தவை பத்துக்கு மூன்றுதான். சரக்குக்கும் இடத்துக்கும் இடையிலான கணக்கு மாறியது, விலை மாறியது, அவ்வளவுதான்.

தூத்துக்குடிப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த விலைப்போர் பள்ளிக்கூடப் பாடத்திலேயே அறிமுகம். 1906ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி தூத்துக்குடி–கொழும்புக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொள்கிறோம், கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்கிற அளவுக்கு இறங்கியது. எப்படியும் கிளம்பப்போகும் கப்பலில் இன்னும் ஒரு ஆளை ஏற்ற ஏறக்குறைய செலவே இல்லை, நஷ்டத்தை யார் அதிக நாள் தாங்குவார்கள் என்பதுதான் அங்கே போட்டி. இந்த ஆபத்து தெரிந்துதான் கப்பல் கம்பெனிகள் 1875லேயே பிரிட்டன்–கல்கத்தாப் பாதையில் 'கான்ஃபரன்ஸ்' என்று கூடி, ஒரே ரேட் வைத்துக்கொள்ளத் தொடங்கின. அந்த ஏற்பாடு நூறு வருஷத்துக்கும் மேல் ஓடியது. ஐரோப்பிய ஒன்றியம் 2008 அக்டோபரில், போட்டிச் சட்டத்திலிருந்து அதற்குக் கொடுத்திருந்த விலக்கை நிறுத்தியதும், பெரிய பாதைகளில் சேர்ந்து விலை வைக்கும் வழி அடைபட்டது. அதன் பிறகு எஞ்சியது செலவைக் குறைக்கும் போட்டிதான்.

செலவைக் குறைக்க எல்லாரும் முதலில் பிடித்த வழி பெரிய கப்பல். 1956 ஏப்ரல் 26ஆம் தேதி மால்கம் மெக்லீனின் ஐடியல் எக்ஸ் நியூவார்க்கிலிருந்து ஹியூஸ்டனுக்கு 58 பெட்டிகளோடு கிளம்பியது, பழைய எண்ணெய்க் கப்பலை மாற்றியமைத்தது அது. 2006ல் எம்மா மேர்ஸ்க் வந்தபோது மற்றவர்களின் கப்பல்கள் சிறுத்துத் தெரிந்தன. 2013ல் அதே கம்பெனியின் டிரிப்பிள்-ஈ வரிசை 18,000 டிஇயு (20 அடிப் பெட்டிக் கணக்கு) என்றது. இப்போது எம்எஸ்சி ஐரினா 24,346 டிஇயு. 8,000 டிஇயு கப்பலுக்கும் இதற்கும் ஆட்கள் ஏறக்குறைய அதே இருபத்துச் சொச்சம் பேர்தான், எண்ணெயும் மூன்று மடங்கு குடிக்காது. ஆகவே கப்பல் நிறைந்தால் பெட்டிக்கு ஆகும் செலவு நன்றாகவே குறைகிறது.

நிறைந்தால்தான். 24,000 டிஇயு கப்பல் 60 சதவீதம் நிறைந்து போனால் அதில் இருப்பது 14,400 பெட்டி. அதைவிட 14,000 டிஇயு கப்பலை முழுசாக நிறைத்து அனுப்புகிறவன் நிம்மதியாக இருப்பான். அப்புறம் துறைமுகக் கணக்கு ஒன்று இருக்கிறது, வெளியே இருப்பவர்கள் இதை அதிகம் யோசிப்பதில்லை. ஒரு துறைமுகத்தில் 5,000 தூக்கு (கிரேன் ஒரு தடவை பெட்டியைத் தூக்கி வைப்பது) வேலை, ஒரு கிரேன் மணிக்கு 28 தூக்கு, ஆறு கிரேன் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 168, ஆக ஏறக்குறைய 30 மணி நேரம் கப்பல் பெர்த்தில் (கரையோரம் கட்டி நிறுத்தும் இடத்தில்) நிற்க வேண்டும். கப்பல் இரண்டு மடங்கு பெட்டி ஏற்றும் அளவுக்கு வளர்ந்தால் வேலையும் வளர்கிறது, ஆனால் கப்பலின் நீளம் இரண்டு மடங்கு ஆவதில்லை. 400 மீட்டரில் நின்றுவிட்டது, அகலமும் உயரமும்தான் கூடின. நீளம் கூடாததால் பக்கத்தில் கூடுதல் கிரேன் நிறுத்த இடம் கிடையாது, இருக்கும் கிரேனும் 24 வரிசை தாண்டிக் கை நீட்டிப் பெட்டியை எடுத்து வர வேண்டியிருப்பதால் ஒவ்வொரு தூக்குக்கும் நேரம் கூடுகிறது. கடலில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு கரையில் கரைந்துவிடுகிறது. இது தவிர, மேர்ஸ்க் வாங்கியதைப் பார்த்து ஐந்து வருஷத்தில் எல்லாரும் அதே அளவுக் கப்பலை வாங்கிவிட்டார்கள். எல்லாரிடமும் இருப்பது போட்டியில் யாரையும் தூக்கிவிடாது. பெரிய கப்பல் இன்று ஆசியா–ஐரோப்பாப் பாதையில் கலந்துகொள்ள நுழைவுச்சீட்டு, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்பது என் கருத்து.

வேகமும் செலவுதான். 24 நாட் (மணிக்கு 24 கடல் மைல்) வேகத்தில் ஓடிய கப்பல் 18 நாட் வேகத்தில் ஓடினால், இயந்திரம் இழுக்கும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், அதே தூரத்துக்கு எண்ணெய் ஏறக்குறைய பாதியாகிவிடும். 2008 நெருக்கடிக்குப் பிறகு எல்லாரும் மெதுவாக ஓட்டியது இதனால்தான். ஆனால் மெதுவாக ஓடினால் வாரம் ஒரு கப்பல் என்கிற சர்வீஸுக்குக் கூடுதல் கப்பல் வேண்டும், ஏனென்றால் சுற்றிவர எத்தனை வாரமோ அத்தனை கப்பல். 8 வாரச் சுற்றுக்கு 8 கப்பல், 10 வாரமானால் 10. கூடுதல் கப்பலின் விலை எவ்வளவு என்கிற கேள்விக்கே இதுவும் வந்து நிற்கிறது.

சரி, அந்த விலைக் கதைக்கு வருவோம்.

ஹன்ஜின் தென்கொரியாவின் மிகப் பெரிய கம்பெனி, உலகத்தில் ஏழாவது இடம். 2016 ஆகஸ்ட் கடைசியில் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டது, 2017 பிப்ரவரியில் திவாலானதாக அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய 1,400 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கு நடுக்கடலில் மாட்டிக்கொண்டது. பணம் வராது என்று பயந்து டெர்மினல்கள் கப்பலை உள்ளே விடவில்லை, உள்ளே போனால் கடன்காரர்கள் பிடித்துவைப்பார்கள் என்று கப்பல்களே பல துறைமுகங்களுக்கு வெளியே காத்து நின்றன. ஹன்ஜினின் மாலுமிகள் திறமை குறைந்தவர்களா, சர்வீஸ் மோசமா என்றால் அப்படி ஒன்றும் இல்லை. ரேட் நன்றாக இருந்த காலத்தில், அந்த நாள் விலைக்கு, நீண்ட கால ஒப்பந்தத்தில் நிறையக் கப்பல்களை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சந்தை வாடகை விழுந்த பிறகும் பழைய வாடகையைத்தான் கட்ட வேண்டும். பக்கத்துக் கம்பெனி அதே அளவுக் கப்பலைப் பல மடங்கு குறைந்த வாடகைக்கு எடுத்து ஓட்டும்போது, 200 டாலர் ரேட்டில் நீங்கள் என்ன செய்தாலும் பிழைக்க முடியாது.

இதே கொரியாவில் அடுத்த காட்சி தலைகீழ். ஹன்ஜினைக் கைவிட்ட அரசு, மிச்சமிருந்த எச்எம்எம் கம்பெனியைப் பிடித்துக்கொண்டது. அது 2018ல், சந்தை இன்னும் நொடிந்து கிடந்தபோது, 24,000 டிஇயு கப்பல்கள் 12க்கு ஆர்டர் கொடுத்தது. தொடர்ந்து நஷ்டத்தில் ஓடும் கம்பெனிக்கு இத்தனை பெரிய கப்பல் எதற்கு என்று அப்போது பலர் கேட்டார்கள், கேட்டதும் நியாயமே. முதல் கப்பல் எச்எம்எம் அல்ஜெசிராஸ் 2020 ஏப்ரலில் வந்தது, சில மாதங்களில் கொரோனாக் காலத்து ரேட் ஏறத் தொடங்கிவிட்டது. மலிவாகக் கட்டிய கப்பல்கள், ஆள் தேடி அலைய வேண்டாத சரக்கு, வரலாற்றில் இல்லாத ரேட். கம்பெனி லாபத்தில் குளித்தது. கொரோனா வரும் என்று யாரும் கணித்து ஆர்டர் கொடுக்கவில்லைதான், ஆனால் மற்றவர்கள் வாங்கப் பயந்த நேரத்தில் வாங்கியதால்தான் அந்த நல்ல காலம் வந்தபோது கையில் கப்பல் இருந்தது.

இஸ்ரேலின் ஜிம் கம்பெனியைப் பாருங்கள், இதைவிடத் தெளிவாக யாரும் பாடம் நடத்த முடியாது. சொந்தக் கப்பல் மிகக் குறைவு, பெரும்பாலும் வாடகைக் கப்பல். 2021 ஜனவரியில் நியூயார்க் பங்குச்சந்தைக்கு வந்தார்கள். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் தலா 460 கோடி டாலருக்கு மேல் நிகர லாபம். அந்த உற்சாகத்தில், வாடகை உச்சத்தில் இருந்த காலத்தில் நீண்ட ஒப்பந்தங்களும் போட்டார்கள். 2023ல் ரேட் விழுந்தது, வாடகை விழவில்லை, நிகர நஷ்டம் 269 கோடி டாலர். இரண்டு வருஷம் மேதைகள், மூன்றாம் வருஷம் முட்டாள்கள் என்று எந்த நிர்வாகமும் மாறிவிடாது. வாடகை ஒப்பந்தத்தின் தேதிதான் மாறியது.

இந்த விளையாட்டை இந்தத் தலைமுறையில் மிக நன்றாக ஆடியது எம்எஸ்சி. 1970ல் ஜியான்லூயிஜி அபோன்தே ஒரே ஒரு பழைய கப்பலோடு தொடங்கிய கம்பெனி, ஜெனீவாவில் தலைமையகம், இன்று வரை குடும்பச் சொத்து. தொடக்கத்திலிருந்தே பழைய கப்பலை மலிவாக வாங்கி ஓட்டுவது அவர்கள் கைவந்த கலை. 2020 ஆகஸ்டிலிருந்து கண்ணில் பட்ட பழைய கப்பலையெல்லாம் வாங்கத் தொடங்கினார்கள், 300க்கும் மேல் வாங்கிவிட்டார்கள். மற்றவர்கள் 5,000 டிஇயு கப்பல் ஒன்றுக்கு நாள் வாடகை ஒரு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்த 2021ல், முந்தின வருஷமே வாங்கிவைத்த கப்பல்கள் எம்எஸ்சியிடம் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு பழைய கப்பலின் விலை சில பயணங்களிலேயே திரும்பி வந்திருக்கும். 2022 ஜனவரியில் மேர்ஸ்க்கைத் தாண்டி முதலிடம், இப்போது 60 லட்சம் டிஇயுவுக்கு மேல், உலகக் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு.

மேர்ஸ்க் அதே பணத்தை வேறு வழியில் போட்டது. 2022ல் மட்டும் 2,900 கோடி டாலருக்கு மேல் லாபம், டென்மார்க் வரலாற்றில் எந்தக் கம்பெனியும் காணாதது. கப்பல் எண்ணிக்கையைக் கூட்ட மாட்டோம், கிடங்கு, சுங்க வேலை, லாரி, விமானச் சரக்கு எல்லாம் சேர்த்து வாடிக்கையாளரின் வாசல் முதல் வாசல் வரை நாமே பார்ப்போம் என்று முடிவெடுத்து, ஆசியக் கிடங்குக் கம்பெனியான எல்எஃப் லாஜிஸ்டிக்ஸை 360 கோடி டாலருக்கு வாங்கினார்கள். ரேட் ஏறி இறங்கினாலும் கிடங்கு வருமானம் நிலையாக இருக்கும் என்பது கணக்கு. சிந்தனை நல்லது, பலன் மெதுவாகத்தான் வருகிறது. கிடங்குத் தொழிலின் லாப விகிதம் குறைவு, அங்கே ஏற்கெனவே பெரிய ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். லைன் நேரடியாகத் தங்கள் வாடிக்கையாளரிடம் போகிறது என்று தெரிந்ததும் எங்களைப் போன்ற ஃபார்வர்டர்கள் புக்கிங்கை வேறு லைனுக்குத் திருப்புகிறோம், இதை மறைக்க ஒன்றுமில்லை. எம்எஸ்சி ஃபார்வர்டர்களிடம் அந்த மாதிரி முட்டிக்கொள்ளவில்லை, அதனால் அவர்கள் கப்பல் நிறைவதில் எங்கள் பங்கும் இருக்கிறது.

நல்ல சர்வீஸுக்குக் கூடுதல் காசு கிடைக்குமா என்று மேர்ஸ்க் முன்பே ஒருமுறை சோதித்துப் பார்த்தது. 2011 அக்டோபரில் 'டெய்லி மேர்ஸ்க்': நிங்போ, ஷாங்காய், யான்டியான், தஞ்சோங் பெலபாஸ் ஆகிய நான்கு துறைமுகங்களிலிருந்து ஐரோப்பாவின் மூன்று துறைமுகங்களுக்கு 70 கப்பல், தினமும் சரக்கு ஏற்றுவோம், சொன்ன நாளுக்கு வராவிட்டால் பெட்டிக்கு 100 டாலர், நாலு நாளோ அதற்கு மேலோ தாமதமானால் 300 டாலர் இழப்பீடு. தொழிலில் இருந்த எல்லாரும் வியந்து பார்த்தோம். ஆனால் கூடுதல் ரேட் கொடுக்க வாடிக்கையாளர்கள் போதுமான அளவு முன்வரவில்லை, சில வருஷத்தில் சத்தமில்லாமல் நின்றது. மீட்டிங்கில் உட்கார்ந்து நேரம் தவறாமைதான் முக்கியம் என்று பேசுகிற இறக்குமதியாளரே, டெண்டரில் 50 டாலர் குறைந்தவனுக்குக் கொடுத்துவிடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். டெக்னாலஜியிலும் இதே கதைதான். ஐபிஎம்மோடு சேர்ந்து 2018ல் கொண்டுவந்த டிரேட்லென்ஸ், ஆவணங்களையெல்லாம் ஒரே தளத்தில் வைக்கிறோம் என்றது. போட்டிக் கம்பெனி நடத்தும் தளத்தில் தங்கள் சரக்கு விவரத்தைக் கொட்ட மற்ற லைன்களுக்கு முழுமனசு எப்படி வரும்? 2022 நவம்பரில் மூடுவதாக அறிவித்தார்கள்.

2025 பிப்ரவரியிலிருந்து ஹபாக் லாய்டோடு சேர்ந்து 'ஜெமினி' என்று மறுபடி முயல்கிறார்கள். இந்தத் தடவை அணுகுமுறை வேறு, எனக்கு இது பிடித்திருக்கிறது. ஒரு பெரிய கப்பல் நிற்கும் துறைமுகங்களைக் குறைத்து, தங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் சில மையத் துறைமுகங்களுக்கு மட்டும் அனுப்பி, அங்கிருந்து சின்னக் கப்பல்களில் பிரித்து அனுப்புகிறார்கள். நிற்கும் இடம் குறைந்தால் தாமதம் சேர்வதும் குறைகிறது. 90 சதவீதம் நேரத்துக்கு வருவோம் என்றார்கள், தொடங்கிய மாதங்களிலேயே அதை ஒட்டி வந்தார்கள். மற்றவர்கள் 50, 60 என்று இருந்தபோது இது பெரிய வித்தியாசம். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது செலவுப் பக்கம்: நேரத்துக்கு ஓடும் கப்பல், தாமதத்தை ஈடுகட்ட வேகமாக ஓடி எண்ணெய் எரிக்க வேண்டாம், அவசரத்துக்குக் கூடுதல் கப்பல் வைத்திருக்க வேண்டாம். வாடிக்கையாளர் கூடுதல் காசு தராவிட்டாலும் நேரந்தவறாமை தன் செலவைத் தானே மிச்சம் பிடித்தால் நிலைக்கும். எம்எஸ்சி இதற்கு நேர் எதிராக, தனியாக நின்று, எவ்வளவு துறைமுகங்களுக்கு முடியுமோ அவ்வளவுக்கும் நேரடியாகக் கப்பலை விடுகிறது. அத்தனை கப்பல் கையில் இருந்தால்தான் அப்படி முடியும்.

கூட்டணிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓஷன் அலையன்ஸ், பிரீமியர் அலையன்ஸ் எல்லாம் ஒருவர் கப்பலில் இன்னொருவர் இடம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு, ரேட்டில் தனித்தனிதான். தனியாக 12 பெரிய கப்பல் வாங்க முடியாத கம்பெனிக்கும் வாராந்தர ஆசியா–ஐரோப்பா சர்வீஸ் நடத்த இது வழி. உயிரோடு இருக்க உதவும், முந்த உதவாது, ஏனென்றால் கூட்டாளிக்கும் அதே கப்பல், அதே நாள்.

நிறைப்பது என்று சொன்னேனே, அதில் கடினமான பாதி திரும்பி வரும் பயணம். சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு நிறைந்து போகும் பெட்டி திரும்பும்போது பெரும்பாலும் காலி. காலிப் பெட்டியைத் தூக்கி வைக்கவும் கூலி, இறக்கவும் கூலி, வருமானம் பூஜ்யம். எந்த லைன் தன் நெட்வொர்க்கில் திரும்பும் சரக்கைப் பிடித்து வைத்திருக்கிறதோ அதன் போகும் பயணத்துச் செலவும் குறைகிறது. தென் அமெரிக்காவின் பழமும் இறைச்சியும் ரீஃபர் (குளிரூட்டிய) பெட்டியில் வடக்கே வரும் பாதையில் ஹாம்பர்க் சூட் என்ற ஜெர்மன் லைன் வலுவாக இருந்தது, 2017ல் மேர்ஸ்க் அதை வாங்கியதற்கு அந்தச் சரக்கும் ஒரு காரணம். கெட்டுப்போகும் சரக்குக்காரர் 50 டாலருக்காக லைன் மாற்றமாட்டார்.

பெட்டிக் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்று 2021ல் நம் பக்கமே பார்த்தோம். சீனா–அமெரிக்கா ரேட் அவ்வளவு உயரத்தில் இருந்ததால், காலிப் பெட்டியைச் சீனாவுக்கு விரட்டுவதே லைன்களுக்கு லாபம். அமெரிக்க விவசாயிகளின் சோயாவையும் வைக்கோலையும் ஏற்றக் காத்திருக்காமல் காலியாகவே திருப்பினார்கள், அதன் விளைவாக அங்கே 2022 ஜூனில் கப்பல் சட்டத்தையே திருத்தினார்கள். இங்கே கரூர் வீட்டு உபயோகத் துணிக்கு வேண்டியது 40 அடி ஹைக்யூப் (உயரம் கூடிய பெட்டி), எடை குறைவு, இடம் அதிகம். கனமான இறக்குமதிச் சரக்கு வருவதோ 20 அடியில். ஒரு வாடிக்கையாளருக்கு நாங்கள் போட்ட புக்கிங்கை லைன் உறுதி செய்து, டிரெய்லர் எம்ட்டி யார்டுக்கு (காலிப் பெட்டி வைக்கும் இடத்துக்கு)ப் போய் வரிசையில் நின்றால் 40 அடி ஒன்றுகூட இல்லை. இரண்டு 20 அடியில் பிரித்து ஏற்றினால் செலவு ஏறும். கடைசியில் பெட்டி கிடைத்து, தூத்துக்குடியில் ஃபீடரில் (சின்னக் கப்பலில்) ஏற்றி, கொழும்புக்குப் போனால் மதர் வெசலில் (பெரிய கப்பலில்) இடமில்லை என்று ரோல் செய்துவிட்டார்கள், அதாவது அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிட்டார்கள், அதற்கு அடுத்த கப்பலிலும் ஏறவில்லை. ஜெர்மனியில் காத்திருந்த வாங்குபவர் சீசனைத் தவறவிட்டார், நஷ்டத்தில் பாதி கரூர்க்காரர் தலையில். அந்த லைனுக்கு அந்த வருஷம் லாபம் கொழித்தது. ஏற்றுமதியாளரின் வலியும் லைனின் போட்டித்திறனும் ஒரே திசையில் போவதில்லை, இதைப் புரிந்துகொள்ளாமல் இந்தத் தொழிலைப் படிக்கவே முடியாது.

துறைமுகம் கையில் இருப்பதும் பெரிய பலம். சிங்கப்பூரில் மேர்ஸ்க் எவ்வளவு பெரிய வாடிக்கையாளர், ஆனாலும் தனக்கென்று டெர்மினல் கேட்டுக் கிடைக்கவில்லை. 2000ல் மலேசியாவின் தஞ்சோங் பெலபாஸில் 30 சதவீதப் பங்கு வாங்கி மொத்த டிரான்ஷிப்மென்ட்டையும் (பெட்டிகளைக் கப்பலுக்குக் கப்பல் மாற்றும் வேலையை) அங்கே தூக்கிக்கொண்டு போனது, இரண்டு வருஷத்தில் எவர்கிரீனும் பின்னாலேயே போனது. சொந்த டெர்மினல் என்றால் கூட்டம் முட்டும் நாளில் உங்கள் கப்பலுக்கு முதலில் பெர்த். நமக்குக் கொழும்பு அப்படி, தமிழ்நாட்டுப் பெட்டிகள் நிறைய அங்கேதான் மாறுகின்றன. 18 மீட்டர் ஆழத்தில் 2013ல் சீனா மெர்ச்சன்ட்ஸ் கட்டிய டெர்மினல் வந்த பிறகு பெரிய கப்பல்கள் அங்கே நிலைத்தன. இப்போது கேரளத்தின் விழிஞ்ஞம். 2025 மே மாதம் முறைப்படி திறந்தார்கள், அடுத்த மாதமே எம்எஸ்சி ஐரினா வந்து நின்றது. அங்கே வருவதில் பெரும்பகுதி எம்எஸ்சி கப்பல்கள்தான். மற்ற லைன்கள் வந்து போட்டி கொடுத்தால்தான் அதன் பலன் கரூர், திருப்பூர்வரை ரேட்டில் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது, முதலாளி யார் என்பது. மலிவான காலத்தில் வாங்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் மலிவான காலம் என்றாலே கையில் காசு இல்லாத காலம், வங்கி கதவைச் சாத்தும் காலம், பங்குதாரர்கள் கத்தும் காலம். அதைத் தாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடக் கூடியவர்கள் யாரென்று பாருங்கள். எம்எஸ்சிக்கு அபோன்தே குடும்பம், சிஎம்ஏ சிஜிஎம்முக்கு சாதே குடும்பம், மேர்ஸ்க்குக்கு அறக்கட்டளை, காஸ்கோவுக்குச் சீன அரசு, எச்எம்எம்முக்குக் கொரிய அரசு. ஹபாக் லாய்ட் 2009ல் தடுமாறியபோது ஹாம்பர்க் நகரமே பங்கு வாங்கித் தாங்கியது, இன்றும் வைத்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சந்தைக்குப் பதில் சொல்ல வேண்டிய, பின்னால் யாரும் இல்லாத கம்பெனிகள் இந்தப் பட்டியலின் உச்சியில் கிட்டத்தட்ட இல்லை. 'இந்தியாவிலும் ஒரு பெரிய லைன் வேண்டும்' என்று இப்போது பேசுகிறவர்கள் முதலில் இதைத்தான் யோசிக்க வேண்டும். கப்பல் வாங்கப் பணம் ஒதுக்குவது எளிது, ஐந்து வருஷம் தொடர்ந்து நஷ்டம் வந்தாலும் விடாமல், ஆறாம் வருஷம் இன்னும் கப்பல் வாங்கச் சம்மதிக்கிற முதலாளி வேண்டும்.

அடுத்த சோதனை பக்கத்தில்தான் இருக்கிறது. 2023 நவம்பரில் ஏமனின் ஹூதிகள் செங்கடலில் கேலக்ஸி லீடர் கப்பலைப் பிடித்ததற்குப் பிறகு பெரும்பாலான லைன்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கின. சுற்றினால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் கூடுதலாகச் சில கப்பல் வேண்டும், அளவுக்கு மிஞ்சி இருந்த கப்பல்களை அந்தத் தூரமே விழுங்கியது. சூயஸ் வழி முழுசாகத் திரும்பினால் அத்தனையும் வெளியே வரும், இதற்கு மேல் இன்றைய கொள்ளளவில் 30 சதவீதத்தை ஒட்டிய புதுக் கப்பல்கள் கட்டுமானத்தில் இருக்கின்றன. அப்போது ரேட் எங்கே போகும் என்பதற்கு 2016 ஒரு அளவுகோல். எந்த லைன் தாங்கும் என்று மதிப்பிட விரும்புகிறவர்கள், பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனிகளின் வருடாந்தர அறிக்கையில் மூன்று இடத்தைப் புரட்டிப் பாருங்கள்: சொந்தக் கப்பல் எவ்வளவு, வாடகைக் கப்பல் எவ்வளவு, வாடகை ஒப்பந்தங்கள் எந்த வருஷம் போட்டவை, எப்போது முடிகின்றன, கடனைக் கழித்த பிறகு கையில் பணம் இருக்கிறதா. 2021, 2022ல் போட்ட நீண்ட ஒப்பந்தங்கள் யாரிடம் அதிகமோ அவர்களிடம், அடுத்த வருஷச் சரக்குக்கு இப்போதே முழு நம்பிக்கை வைத்து ஒப்பந்தம் போட வேண்டாம் என்றுதான் என் வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிறேன்.